கண்டக்டரம்மாவின் காக்கிக் கோட்

டைலருக்கு டிராம் வண்டி மேல் எந்தக் கோபமும் கிடையாது. அதை ஓட்டிய ஆள் மேல்தான் கோபம். டிராமை நிறுத்தி, தண்டவாளத்தின் மேல் தாரை ஊற்றி, கம்பிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் டிராமைக் கண்ணால் பார்த்ததில்லை. டைலரின் வயிற்றுக்குள் மட்டும் அது விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். அவர் மனைவி அந்த டிராமில் கண்டக்டராக இருந்தவர். இன்றைக்கும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மாதான். டிரைவர் வண்டியின் முன்கோடியில் நிற்பார், கண்டக்டரம்மா பின்கோடியில். நடுவில் ஒரு வண்டி ஜனம். வேலை நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வழியில்லை. டைலருக்குப் பொறுக்காதது அதுதான். வாய்விட்டுப் பேசினால் ஒட்டுக் கேட்கலாம், சண்டைக்காவது போகலாம். இவர்கள் பேசியதெல்லாம் மணியில். கூரையோரம் ஒரு தோல் வார் வண்டி நீளத்துக்கும் ஓடும். கண்டக்டர் அதை ஒரு தடவை இழுத்தால் டிரைவர் தலைக்கு மேல் மணி ஒருமுறை அடிக்கும், நிறுத்து என்று அர்த்தம். இரண்டு முறை அடித்தால் கிளம்பு. மூன்று அடித்தால் வண்டி நிரம்பிவிட்டது, எங்கும் நிற்காதே. காலையிலிருந்து இருட்டும் வரை ஒருத்தி சொல்ல ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். புருஷன்காரன் சொல்லி அவள் ஒரு தடவை கேட்டதுண்டா, அவள் சொல்லித்தான் புருஷன்காரன் ஒழுங்காகக் கேட்டதுண்டா என்று டைலர் தனக்குத்தானே வழக்கு நடத்திக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. டெப்போவில் வேலை பார்த்த ஆண்கள் எல்லோருமே கண்டக்டரம்மாவுக்கு அண்ணன்தான். எண்ணெய் போடுகிற அண்ணன், கம்பி கட்டுகிற அண்ணன், வாட்ச்மேன் அண்ணன். இந்த ஒரு ஆளை மட்டும் அவர் அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. "டிரைவர்" என்பார், அவ்வளவுதான். ஒருமுறை டைலர் வாயை அடக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"எல்லாரும் அண்ணன். அந்தாளு மட்டும் ஏன் இல்லை?"

"அண்ணன்னு கூப்பிட்டா அப்புறம் எப்படித் திட்டறது?" என்று கேட்டுவிட்டு கண்டக்டரம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த பதில் டைலருக்கு வருஷக்கணக்கில் செரிக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த டிரைவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஆனால் டைலரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அவர் கடை அந்தக் காலத்தில் ஒரு டிராம் ஸ்டாப்புக்கு எதிரே இருந்தது. தைத்து முடித்த துணிகளைச் சாயங்காலம் மூட்டை கட்டி, லைன் முடிகிற இடத்திலிருந்த பெரிய ஜவுளிக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடைசி பட்டனை எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் தைத்து முடிப்பார். கழுத்தில் டேப்பும் தோளில் மூட்டையுமாக அவர் ஓடி வரும்போது டிராம் போயிருக்க வேண்டும். ஆனால் போகாது. உள்ளே ஜனங்கள் முணுமுணுக்க, அசையாமல் நிற்கும். பின்படியில் வாரைப் பிடித்தபடி அந்தக் கண்டக்டர் பெண் தன்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிக்காமல் தனக்காக வண்டியையே பிடித்து வைத்திருக்கிறாள், முறைப்பெல்லாம் ஊருக்காக, என்று டைலர் புரிந்துகொண்டார். அந்தத் தைரியத்தில்தான் போய்ப் பெண் கேட்டார்.

கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார். மகளைத் தூங்கவைக்கும்போது சொன்னார். கடைக்கு வருகிறவர்களுக்கு அளவெடுக்கும்போது சொன்னார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற மனுஷன் எங்கே ஓடுவான், கேட்டுத்தான் ஆக வேண்டும். "அந்தக் காலத்துல டிராமையே எனக்காக நிறுத்தினவங்க" என்று அவர் முடிக்கும்போது, துணி உதறிக்கொண்டிருக்கும் கண்டக்டரம்மா சிரித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

இப்படி இருக்கையில்தான் பழைய டிராம் ரசிகர் சங்கத்தின் செயலாளர் ஒரு மத்தியானம் வீடு தேடி வந்தார். டிராம் டிக்கெட்டைப் பார்த்தால் கண் கலங்குகிற கூட்டம் அது. மாதம் ஒருமுறை கூடி, பழைய படங்களை ஆளுக்காள் காட்டிப் பெருமூச்சு விட்டுக் கலைவார்கள். அவர்களுக்கு ஒரு மர வாடியில் பலகை அடுக்கி வைத்திருந்த நிஜ டிராம் ஒன்று கிடைத்துவிட்டது. அதைச் செப்பனிட்டு, டெப்போவிலிருந்து மார்க்கெட் வரை தாரைப் பெயர்த்து, புதைந்த தண்டவாளத்தை வெளியே கொண்டுவந்து, மேலே மின்கம்பியும் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டப்போகிறார்களாம்.

"அதே டிரைவர், அதே கண்டக்டர். அப்படி இருந்தாத்தான் அழகும்மா," என்றார் செயலாளர். "டிரைவர் சரின்னுட்டார். நீங்க வாரைப் பிடிச்சீங்கன்னா ஊரே கூடும்."

கண்டக்டரம்மா புருஷனைப் பார்க்கவே இல்லை. "எப்ப வரணும்?" என்றுதான் கேட்டார். அந்தக் குரலில் இருந்த துள்ளல், தையல் மிஷின் முன்னால் இருந்தவரின் காதில் சுருக்கென்று ஏறியது.

"கோட்டெல்லாம் சாரே தச்சிருவார்ல?" என்று செயலாளர் காக்கித் துணிக் கட்டை மிஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் வீட்டில் டிராம் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. கண்டக்டரம்மா காலையில் டெப்போவுக்குப் போவார், கையில் கிரீஸோடு திரும்புவார். சீட் சாய்மானத்தைத் தள்ளிப் போட்டால் முன்பக்கம் பின்பக்கமாவது அப்படியே இருக்கிறதாம். மழைக்காலத்தில் சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் விழுமே, அந்தப் பெட்டி கூட இருக்கிறதாம். வண்டி வளைவில் போகும்போது கம்பியில் நீலமாய் ஒரு பொறி பறந்து ஒரு வாசனை வருமே, அது வந்ததும் தனக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

"டிரைவருக்கு முட்டி வலி. ஆனாலும் பாருங்க, காலால மிதிச்சு மணி அடிக்கிறது அதே தினுசு."

"முட்டி வலின்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே," என்றார் டைலர்.

சோறு போட்டுக்கொண்டிருந்த மகள் குனிந்து சிரித்தாள். "அப்பா, தீயுற வாசனை வருது. அடுப்புல எதுவும் இல்லையே."

டைலர் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவினார்.

கோட்டுக்கு அளவு கொடுக்க டிரைவர் கடைக்கு வந்தார். அவருக்கு இன்னும் தொப்பை போடவில்லை என்பதை டேப்பே சொல்லிற்று. முதுகு பலகையாக நிமிர்ந்திருந்தது. டைலர் தன் வயிற்றை எக்கிக்கொண்டு அளவெடுத்தார். கையை விரிக்கச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே தன் கதையை எடுத்து விட்டார். "உங்களுக்குத் தெரியாததா? நான் வர்ற வரைக்கும் அவ மணியே அடிக்க மாட்டா. வண்டி அப்படியே நிக்கும்."

டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா, நிக்கும்," என்றார். வாயடைத்துவிட்டான் என்று டைலருக்கு அன்றைக்கு முழுக்க ஒரே குஷி.

அந்தக் குஷி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கூட நிற்கவில்லை. சாயங்காலம் கண்டக்டரம்மாவுக்கு அளவெடுக்கும்போது அவர் பாட்டுக்குச் சொன்னார். "இவ்வளவு வருஷம் கழிச்சும் ஆச்சரியங்க. நான் வார்ல கை வைக்கிறேன், அங்க வண்டி கிளம்ப ரெடியா இருக்கு. மணி அடிக்கவே வேண்டாம் போல."

டைலரின் கையில் டேப் நின்றது. மணி அடிக்கவே வேண்டாமாம். தான் மட்டும் இந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும்.

மறுநாள் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போடும்போது அவர் கை ஒரு காரியம் செய்தது. கோட்டின் கை வந்து சேருகிற கைக்குழியை இரண்டு விரற்கடை இறக்கிப் போட்டது. தையல் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கைக்குழி அக்குளை ஒட்டி இருந்தால் கை தாராளமாக மேலே போகும். இறங்கிவிட்டால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்வரை கோட் ராஜா மாதிரி நிற்கும். கையைத் தூக்கினால் மொத்தக் கோட்டும் சேர்ந்து எழும்பிக் கையைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு முதுகையும் ஒரு சுற்றுக் குறுக்கினார். தெரியாமல் வெட்டிவிட்டோம் என்று தன்னிடமே சாதித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குழியைத் தெரியாமல் வெட்டியவரில்லை அவர்.

கண்ணாடி முன்னால் கண்டக்டரம்மா கோட்டைப் போட்டு, பட்டன்களைத் தடவி, இப்படியும் அப்படியும் திரும்பினார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"கொஞ்சம் பிடிக்குதோ?"

"புதுத் துணி. போகப் போக விட்டுக் குடுக்கும்," என்றார் டைலர், ஊசியில் நூல் கோர்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெப்போ வாசலில் நிற்க இடமில்லை. டிராம் பச்சையும் மஞ்சளுமாகப் புது வர்ணத்தில் நின்றது. வயதானவர்கள் மரச் சட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். டைலர் பின்படிக்குப் பக்கத்துச் சீட்டில், கண்டக்டரம்மாவை ஒட்டி இடம் பிடித்துக்கொண்டார். ஜனம் ஏறி முடிந்தது. செயலாளர் கையசைத்தார். படமெடுக்கிறவர்கள் தயாரானார்கள். கண்டக்டரம்மா வாரைப் பிடிக்கக் கையைத் தூக்கினார்.

கை காது வரை போய் நின்றுவிட்டது. கோட் கழுத்துக்கு மேல் ஏறி முகவாயை மூடியது. இடது கையைத் தூக்கினார், அதுவும் அங்கேயே நின்றது. எம்பிப் பார்த்தார். விரலுக்கும் வாருக்கும் ஒரு சாண் இடைவெளி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு நிற்பதற்கும் அந்தம்மாவுக்கு மனசு வராது. ஜனம் ஏறிய வண்டியில் யூனிஃபார்ம் இல்லாமல் ஒருநாளும் வாரைத் தொட்டவரில்லை.

டைலர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பொறாமையில் செய்கிற காரியம் பலித்துவிட்டால் இனிக்கும் என்று நினைத்திருந்தார். மனைவியின் காது சிவந்து போயிருந்ததைப் பார்த்தபோது இனிக்கவில்லை.

கண்டக்டரம்மா கைக்குழியை விரலால் தடவினார். தையல்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தச்சவரே எந்திரிச்சு இழுங்க. ரெண்டு தடவை."

டைலர் எழுந்து இழுத்தார். டிராம் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. ஜனம் கைதட்டியது. கண்டக்டரம்மா டிக்கெட் கொடுக்கப் போய்விட்டார். டைலர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒன்று, இரண்டு என்று இழுத்துக்கொண்டு நின்றார். முன்னாலிருந்து அந்த ஆள் ஒவ்வொரு மணிக்கும் சொன்னபடி கேட்டான். ஓ, இதுதானா அந்த சுகம் என்று டைலருக்குத் தோன்றியது, இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அவருடைய பழைய கடை ஸ்டாப் வந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். டைலர் இரண்டு தடவை இழுத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். மணி அடித்தது, வண்டி நின்றது நின்றபடி இருந்தது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் கைக்கு மட்டும் மரியாதை இல்லை என்று டைலருக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"மணி கேக்கலையா?"

பிரேக்கைப் பிடித்தபடி செல்போன் கடையையே பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அட. கேட்டுச்சு டைலரே, கேட்டுச்சு. கை விட மாட்டேங்குது. இந்த ஸ்டாப்ல மட்டும் மணி அடிச்சாலும் கிளம்பிப் பழக்கமில்லை."

"அதென்ன பழக்கம்?"

"நீங்க வரணுமே," என்றார் டிரைவர். "அந்தம்மா பின்னாடி அடிச்சுக்கிட்டே இருக்கும். நான் மணல் பெட்டி அடைச்சுக்கிச்சுன்னு குனிஞ்சு தட்டிக்கிட்டே இருப்பேன். நீங்க மூட்டையோட படியில கால் வச்சதும் பெட்டி சரியாயிடும்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டைலர் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை கையை விட்டுப் போயிருந்தது, அதுவும் யார் கைக்கு.

"அப்ப நீ மணி அடிச்சியா?"

கண்டக்டரம்மாவுக்கு எதைப் பற்றி என்று கேட்கத் தேவைப்படவில்லை. "அடிச்சேன். நேரத்துக்குக் கிளம்பலைன்னா என் வேலை போயிடும்."

"எனக்காக நிறுத்தலை."

"இல்லைங்க."

"கல்யாணத்துல சொன்னப்பவே இல்லைன்னு சொல்லிருக்கலாமே."

"புது மாப்பிள்ளையா நின்னு அவ்வளவு சந்தோசமாச் சொல்றீங்க. எங்கம்மா கண்ணைத் துடைக்கிறாங்க. நடுவுல நான் பூந்து, அதெல்லாம் இல்லை, நான் அடிச்சேன்னு சொல்றதா?" கண்டக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "அன்னைக்கு விட்டேன், அப்புறம் சொல்ல இடமே கிடைக்கலை. கோட்டைப் பத்தி இப்ப நான் ஏதாவது கேட்டனா?"

அடுத்த ஸ்டாப்புக்கு மணி இழுக்க டைலர் மறந்துபோனார். டிரைவர் தானே நிறுத்திக்கொண்டார்.

மார்க்கெட் வந்ததும் லைன் முடிகிறது. அங்கே டிராம் திரும்பாது. கூரை மேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தடியை மட்டும் கயிற்றால் இழுத்து, வண்டியைச் சுற்றி நடந்து, மறுபக்கம் திருப்பி மாட்ட வேண்டும். அது கண்டக்டர் வேலை. கை தூக்க முடியாத கண்டக்டருக்குப் பதிலாக டிரைவர் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார். டைலரும் இறங்கிப் போய் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும். அவ மேல உங்களுக்குப் பிரியமா?"

டிரைவர் தடியையே அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். பாதிச் சுற்று வந்த பிறகு, "இருந்துச்சு," என்றார்.

இத்தனை காலம் இதைத்தான் கேட்க வேண்டும் என்று கிடந்து தவித்தவர், கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டார்.

"அப்புறம் எதுக்கய்யா எனக்காக வண்டியை நிறுத்தினீங்க?"

"நீங்க ஏறாத நாள்ல அந்தம்மா சரியாவே இருக்காது. அதுவே மணி அடிச்சுக் கிளப்பிடும். கிளப்பிட்டு, ஒண்ணு அடிக்க வேண்டிய இடத்துல ரெண்டு அடிக்கும். டெப்போவுல இறங்கறப்ப மூஞ்சி வாடிக் கிடக்கும்." தடி கம்பியில் பொருந்திப் பொறி பறந்தது. டிரைவர் கயிற்றைக் கட்டினார். "பாக்க முடியலை. அதான்."

முட்டியைத் தேய்த்துக்கொண்டு அவர் மறுகோடிக்கு நடந்து போனார்.

டைலர் அங்கேயே நின்றார். அந்த ஆளுக்கும் பிரியம் இருந்தது, தனக்கும் இருந்தது. அவன் அதை வைத்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தான். தான் அதை வைத்துக்கொண்டு கைக்குழியை இறக்கினார். இதுவரை பட்ட பொறாமையெல்லாம் விளையாட்டு. அப்படி ஒரு மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று இப்போது பட்டதுதான் அசல்.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு படியேறினார். "கையைக் காட்டு," என்றார். அக்குள் தையலை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்தார். ஜனம் வேடிக்கை பார்த்தது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

"அவருக்கு உன் மேல பிரியமா இருந்துச்சாம்," என்றார், தலையைத் தூக்காமல்.

"தெரியும்."

கத்தரி நின்றது. "தெரியுமா?"

"கூட வேலை பார்த்தவளுக்குத் தெரியாமப் போகுமா? அதான் அண்ணன்னு கூப்பிடலை. கூப்பிட்டா அந்த மனுஷனுக்கு வலிக்கும்." கண்டக்டரம்மா அடுத்த கையையும் நீட்டினார். "என்ன பண்றது, என் கண்ணு ஓடி வர்ற ஆளு பக்கம் போயிடுச்சு. நீங்க ஏறிட்டா அன்னைக்கு வேலையே ஓடாதுன்னு பயந்துதான் அப்படி அடிச்சுத் தொலைச்சேன்."

டைலர் மிச்சத் தையலையும் பிரித்து முடித்தார். அக்குளில் காக்கி வாய் பிளந்து கிடந்தது. கண்டக்டரம்மா கையைத் தூக்கினார். கை நேராக வாருக்குப் போயிற்று.

அந்த வாரம் முழுக்க டைலர் வேறு வேலையைத் தொடவில்லை. கோட்டைப் பிரித்து, அக்குளுக்கு ஒரு துண்டு வைத்து, முதுகை விட்டுக் கொடுத்துத் திரும்பத் தைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேய்த்து மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினார்.

"நீங்க வரலையா?" என்று கண்டக்டரம்மா கேட்டார்.

"எனக்கு வேலை கிடக்கு. நீ போ."

"ஞாயித்துக்கிழமைல என்னப்பா வேலை?" என்றாள் மகள்.

கண்டக்டரம்மா வாசலிறங்கித் தெருமுனை திரும்பும் வரை டைலர் பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு நன்றாகவே எரிந்தது. இந்தத் தடவை இல்லாததைக் கற்பனை பண்ணி எரியவில்லை, இருந்ததைத் தெரிந்துகொண்டு எரிந்தது. கால் அதுபாட்டுக்குச் செருப்பைத் தேடியது. டைலர் அந்தக் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, மிஷின் பெடல் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.